கம்பு ஆளைப் பார்த்துத்தான் விழும்

புரட்டாசி மழை ஒரு உழவுக்கு ஆச்சுங்க. மேக்காட்டுல தட்டுச்சோளம் விதைக்கலாம்னு டிராக்டர்காரருக்குக் காத்துக்கிட்டு கிளுவை வேலியோரம் உட்கார்ந்திருந்தப்ப, அக்கா மகன் போன் பண்ணினான். சென்னையில கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவன் குடியிருக்கிற அடுக்குமாடிக்கு இந்த வருசம் அவன்தான் செகரட்டரி.

"மாமா, ஒரு யோசனை கேக்கோணும். நீங்க வாட்ச்மேனா இருந்தவருதானே"ன்னான்.

விசயம் இதுதான். சாயந்தரம் ஆனா அவங்க கேட்டுக்கு முன்னால ஏழெட்டுப் பசங்க வந்து கூடறாங்க. பைக்கை முன் சக்கரம் தூக்கி ஓட்டறது, பாட்டில் உடைக்கிறது, போற வர்ற பொம்பளப் புள்ளைகளைப் பார்த்துக் கமெண்ட் அடிக்கிறது. காவலுக்கு இருக்கிற பெரியவருக்கு அறுபது வயசுக்கு மேல. போய்க் கேட்டிருக்கார். மறுநாள் காலையில அவர் சைக்கிள் ரெண்டு டயரிலும் காத்து இல்லை. அடுத்த நாள் அவர் மேல தண்ணி பாக்கெட்டைக் கடிச்சு வீசியிருக்காங்க. கூட்டம் போட்டுப் பேசினாங்களாம். பெரியவரை நிறுத்திட்டு, ஜிம்முக்குப் போற மாதிரி ஆளுங்க ரெண்டு பேரைப் போடலாம்னு பாதிப் பேர் சொல்றாங்களாம். "கை வைக்கத் தயங்காத ஆளுங்க மாமா. ரெண்டு நாள் ரெண்டு பேரை நாலு சாத்து சாத்தினா அடங்கிடுவாங்கன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

ரெண்டு நாள் டைம் குடு மாப்ளேன்னு சொல்லிட்டு வெச்சுட்டேன். டிராக்டர் வந்துட்டதுன்னு ஒரு காரணம். நிஜக் காரணம் வேற.

நான் கோயமுத்தூர்ல வாட்ச்மேன் வேலை பார்த்ததை இங்கே பல தடவை எழுதியிருக்கேன். டீக்கடை, ராத்திரி நாய்கள், டவுன்காரங்க குப்பையில போடற சோறு எல்லாம் எழுதியாச்சு. ஆனா அந்த வேலையை ஏன் விட்டுட்டு வந்தேன்னு மட்டும் எழுதினதில்லை. மழை பெஞ்சுடுச்சு, காட்டுக்குத் திரும்பிட்டேன்னு ஒரு வரியில முடிச்சிருப்பேன். அது பொய் இல்லை, ஆனா முழுசும் இல்லை. மாப்பிள்ளைக்குப் பதில் சொல்லோணும்னா அதைச் சொல்லித்தான் ஆகோணும். உங்களுக்கும் சேர்த்தே சொல்லிடறேன்.

2016-ல வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. 2017 ஜனவரியில தமிழ்நாட்டில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசாங்கமே அறிவிச்சது. எனக்கு மூணரை ஏக்கர். கிணறு வத்தி ரெண்டு வருசம் ஆயிருந்தது. போர் 850 அடி ஓட்டினேன், புகைதான் வந்தது. அறுபது தென்னையும் தலை சாஞ்சு போச்சு. மாடு ரெண்டை வித்தேன். கிடேரி ஒண்ணை மட்டும் வீட்டுக்காரம்மா விக்க விடலை. ஊர்க்காரர் ஒருத்தர் கோயமுத்தூர்ல செக்யூரிட்டி வேலையில இருந்தார். அவர் பின்னாடி நானும் பஸ் ஏறினேன். அப்ப எனக்கு நாற்பத்தேழு வயசு.

கம்பெனி ஆபீஸ்ல ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க. சட்டை, பேன்ட், பெல்ட்டு, தொப்பி, விசில், ஒரு மூங்கில் தடி. அத்தனைக்கும் முதல் ரெண்டு மாசச் சம்பளத்துல பிடித்தம். காருக்கு எப்படி சல்யூட் அடிக்கிறது, ரிஜிஸ்டர்ல வண்டி நம்பர் எப்படி எழுதறதுன்னு அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தாங்க. அவ்வளவுதான் பயிற்சி.

பின்னாடி எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் வக்கீலுக்குப் படிச்சு வந்து சொன்னான், இதுக்குன்னு 2005-லயே மத்திய அரசு ஒரு சட்டம் போட்டிருக்குதுன்னு. தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம். அதுக்கு அடுத்த வருசம் வந்த மாதிரி விதிப்படி ஒரு காவலாளிக்கு 100 மணி நேரம் பாடம், 60 மணி நேரம் நேரடிப் பயிற்சி, குறைஞ்சது 20 வேலை நாளுக்குச் சொல்லிக் குடுக்கோணும். எனக்குக் கெடைச்சது அரை மணி நேரம். தடியை எப்படிப் பிடிக்கிறதுன்னு கூட யாரும் சொல்லலை. மாடு மேய்க்கிறவனுக்கு அது எதுக்குன்னு நெனச்சிருப்பாங்க போல.

ராத்திரி எட்டு மணியிலிருந்து காலையில எட்டு மணி வரைக்கும் வேலை. அடுக்குமாடிக்குப் பக்கத்துலயே குழந்தைங்க விளையாடற ஒரு சின்ன பார்க். பத்து மணிக்கு மேல அங்கே பசங்க வந்து உட்காருவாங்க. சீசா மேல ஏறி நின்னு ஆடுவாங்க, குடிப்பாங்க, காலையில பாட்டில் சில்லு பூராவும் மணல்ல கிடக்கும். ஒரு குழந்தை கால்ல ஏறி ரத்தம் வந்தது. செகரட்டரி என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுசன்தான், பேங்க்ல பெரிய வேலையில இருந்து ரிட்டயர் ஆனவர்.

"தடியை எதுக்குக் குடுத்திருக்கு? ரெண்டு போடுங்க. நாங்க பாத்துக்கறோம்"னார்.

நாங்க பாத்துக்கறோம். இந்த ரெண்டு வார்த்தையை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க.

ஒரு சனிக்கிழமை ராத்திரி. அஞ்சு பசங்க இருந்தாங்க. போங்கப்பா, நேரமாச்சுன்னு சொன்னேன். ஒருத்தன் பின்னால வந்து என் தலையிலிருந்த தொப்பியை உருவித் தான் மாட்டிக்கிட்டு, எனக்கே சல்யூட் அடிச்சான். "தாத்தா, டூட்டி மாத்திக்கலாமா?"ன்னான். மத்தவங்க சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு எனக்கு என்ன பண்ணுச்சுன்னு இப்பவும் சொல்லத் தெரியலை. ஊர்ல நாலு பேர் வந்து பேச்சுக்கு உட்கார்ந்தா எனக்கும் ஒரு பாய் போடுவாங்க. இங்கே பகல்ல தூங்க எடமில்லை, ராத்திரி ஒண்ணுக்குப் போகக்கூட பின்னால முட்டுச் சந்துக்குத்தான் போகோணும். வாற வண்டிக்கெல்லாம் எந்திரிச்சு நிக்கோணும். தலை காஞ்ச தென்னை அறுபதும் கண்ணுக்குள்ள நிக்குது. எல்லாம் சேர்ந்து கைக்கு வந்துருச்சு.

தடியை ஓங்கினேன். தொப்பி போட்டவன் ஓடிட்டான். மத்தவங்களும் ஓடினாங்க. ஒருத்தன் மட்டும் சீசாவுக்கும் செவுத்துக்கும் நடுவுல மாட்டிக்கிட்டான். ஒல்லிப் பையன். கையைக் குறுக்கே வெச்சான். அந்தக் கை மேலதான் விழுந்தது. ஒரு சத்தம் கேட்டது. காய்ஞ்ச மட்டை முறியற மாதிரி.

பதினாறு வயசுப் பையன். ரெண்டு தெரு தள்ளி இஸ்திரி வண்டி போட்டிருக்கிறவரோட மகன். மணிக்கட்டுக்கு மேல எலும்பு முறிஞ்சுருச்சு. தொப்பியை உருவினவன் யாருன்னு விடிஞ்சப்புறம்தான் தெரிஞ்சுது. அதே அடுக்குமாடியில மூணாவது மாடிப் பையன். தினமும் காலேஜுக்குப் போறப்ப நான்தான் அவனுக்குக் கேட்டுத் திறந்து விடுவேன். இருட்டுல எனக்கு அடையாளம் தெரியலை. அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கலை.

காலையில ஸ்டேசனுக்குப் போனோம். செகரட்டரியும் வந்தார். "அடிக்கச் சொல்லி நாங்க யாரும் சொல்லலைங்க சார். துரத்தி விடத்தான் சொன்னோம்"னார். என் முகத்தைப் பார்க்காமச் சொன்னார். கம்பெனியிலிருந்து வந்தவர் அதுக்கு மேல. இந்த ஆளை நேத்தோட நிறுத்தியாச்சுன்னு ஒரு காகிதத்தைக் காட்டினார். பாக்கிச் சம்பளம் இன்னி வரைக்கும் வரலை.

எலும்பு முறிஞ்சா சட்டத்துல அது கொடுங்காயமாம். ஏழு வருசம் வரைக்கும் தண்டனை குடுக்கலாமாம். இஸ்திரிக்காரர் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் உள்ளே போயிருப்பேன். அவர் போடலை. வைத்தியச் செலவைக் குடுத்தாப் போதும்னார். 18,000 ரூவா. ஊருக்கு வந்து அந்தக் கிடேரியை வித்துக் கொண்டு போய்க் குடுத்தேன்.

பணத்தைக் குடுத்தப்ப அவர் சொன்னது காசை விடக் கனமா இருந்தது. "ஏங்க, நாலு வீதிக்கு நான்தான் துணி தேய்க்கிறேன். உங்க யூனிபார்முக்கு ரெண்டு வாட்டி காசு வாங்காமத் தேய்ச்சுக் குடுத்திருக்கேன். எம் மகன் அங்கே வந்து உட்கார்றான்னு ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா, நானே வந்து காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பனே."

எனக்குப் பதில் வரலை. அவன் இவர் மகன்னு எனக்குத் தெரியாது. எட்டு மாசம் அந்தத் தெருவுல ராப்பகலா இருந்திருக்கேன். இவரைத் தெரியும், அவனையும் பார்த்திருக்கேன். ரெண்டு பேரும் அப்பன் மகன்னு தெரியாது.

இதே எங்க ஊரா இருந்தா என்ன ஆயிருக்கும்னு பல ராத்திரி யோசிச்சிருக்கேன். எங்க தோப்புல இளநி திருடறவனை இருட்டுல நடையை வெச்சே இன்னார் மகன்னு சொல்லிடுவேன். எங்க அய்யன் காலத்துல, மரத்து மேல இருக்கிறவனைப் பார்த்துக் கீழே நின்னுக்கிட்டு, "கண்ணு, இறங்கறப்போ பாத்து இறங்கு, உங்க அப்பன் சந்தைக்குப் போயிட்டு இந்த வழியாத்தான் வருவான்"னு சொல்லுவார். அவ்வளவுதான். அடுத்த ஆறு மாசத்துக்கு அவன் அந்தப் பக்கம் வர மாட்டான். அவர் கையில கம்பு இருக்கும். ஆனா அவர் வாயில இருந்த அந்தப் பேருதான் நிஜக் கம்பு.

உடனே கிராமத்துல எல்லாம் தங்கம்னு நான் எழுதறதா நெனச்சுக்காதீங்க. இங்கே வர்ற டவுன் வாசகர்களுக்கு அந்த ஆசை கொஞ்சம் உண்டு, எனக்கும் அப்படி எழுதற பழக்கம் கொஞ்சம் உண்டு. இன்னொண்ணையும் சொல்லோணும். எனக்குப் பத்து வயசு இருக்கிறப்போ, கடலைச்செடி பிடுங்கினான்னு ஒரு பையனைப் புளிய மரத்துல கட்டி வெச்சு அடிச்சதைப் பார்த்திருக்கேன். அதே வருசம் பெரிய வீட்டுப் பையன் ஒருத்தன் ஒரு வண்டிக் கரும்பையே ஒடிச்சு விளையாடினான். அது குறும்புன்னு சொல்லிச் சிரிச்சாங்க. கட்டி வெச்ச பையன் எந்தத் தெருன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.

அன்னைக்குப் புளிய மரத்தடியில விழுந்த அடியும், நான் பார்க்குல போட்ட அடியும் ஒரே மாதிரிதான். தப்புப் பண்ணினவன் மேல விழலை. திருப்பி அடிக்க ஆள் இல்லாதவன் மேல விழுந்தது. கம்புக்குக் கண்ணு உண்டுங்க. அது ஆளைப் பார்த்துத்தான் விழும். யாரை அடிச்சா யாரும் வந்து கேட்க மாட்டாங்களோ, அவனைத் தேடிப் போகும்.

எங்களுக்கு மேக்கால மலை ஏறி இறங்கினா அட்டப்பாடி. 2018 பிப்ரவரியில அங்கே ஒரு பழங்குடி இளைஞனை, மனநிலை சரியில்லாதவன், கடையில அரிசி திருடினான்னு சொல்லிக் காட்டுக்குள்ள போய்ப் பிடிச்சுக் கையைக் கட்டி இழுத்து வந்து அடிச்சாங்க. நடுவுல நின்னு செல்பி வேற எடுத்தாங்க. போலீஸ் வண்டியில போறப்பவே உசுரு போச்சு. அஞ்சு வருசம் கழிச்சு, 2023 ஏப்ரல்ல, கோர்ட்டு 14 பேரைக் குற்றவாளின்னு சொன்னது. அடிச்சவங்க யாரும் கொலைகாரனாப் பொறந்தவங்க இல்லை. திருட்டைத் தடுக்கறோம், ஊருக்கு நல்லது பண்றோம்னு நெனச்சவங்கதான் அதுல பாதிப் பேர் இருந்திருப்பாங்க. ரெண்டு போட்டா அடங்குவான்னு ஆரம்பிக்கிறது ரெண்டோட நிக்கிறதில்லை.

போன 2025 ஜூன்ல நடந்ததை நீங்க எல்லாரும் படிச்சிருப்பீங்க. சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயில் காவலாளி. கோயிலுக்கு வந்த ஒரு அம்மா காருல வெச்சிருந்த நகையைக் காணோம்னு புகார். விசாரணைன்னு கூட்டிட்டுப் போன போலீஸ் தனிப்படை அடிச்ச அடியில செத்துப் போனார். உடம்புல 40-க்கும் மேல காயம்னு பிரேதப் பரிசோதனையில வந்தது. ஹைகோர்ட்டு மதுரைக் கிளை கேட்ட கேள்விகளைப் பேப்பர்ல படிச்சப்போ எனக்கு அந்த ஸ்டேசன் பெஞ்சு ஞாபகம் வந்தது. காவலுக்கு நின்ன ஆளே அடி வாங்கிச் செத்தார். காக்கி சட்டை மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டு, கையில தடியை வெச்சுக்கிட்டு நிக்கிறதால வாட்ச்மேன் பலசாலி ஆயிட மாட்டான். அவனும் அந்த இஸ்திரிக்காரர் மகன் நிக்கிற பக்கத்துலதான் நிக்கிறான்.

சட்டத்துக்கு இது நல்லாவே தெரியும் போல. அந்த 2005 சட்டத்துலயே, தனியார் காவலாளி ராணுவம், போலீஸ் உடுப்பு மாதிரி உடுத்தினா அவனுக்கும் கம்பெனி முதலாளிக்கும் ஒரு வருசம் வரைக்கும் ஜெயில்னு போட்டிருக்குது. உடுப்பே ஒண்ணா இருக்கக் கூடாதுங்கிறப்போ, அதிகாரம் மட்டும் எப்படி வரும்? வக்கீல் பையன் சொன்னதை எனக்குப் புரிஞ்ச அளவுக்குச் சொல்றேன். வாட்ச்மேனுக்கு உங்களுக்கும் எனக்கும் இருக்கிற உரிமைதான், அதுக்கு மேல ஒரு குண்டுமணி அளவு கிடையாது. தன் உசுருக்கோ, அடுத்தவங்க உசுருக்கோ, காவல் காக்கிற பொருளுக்கோ ஆபத்து வந்தாத் தடுக்கலாம். தடுக்கறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு அடி போட்டாலும் அது குற்றம். பெரிய குற்றம் கண்ணு முன்னால நடந்தா ஆளைப் பிடிச்சு வைக்கலாம். 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில இருக்கிற புதுச் சட்டப்படி தாமதம் பண்ணாம, எப்படியும் ஆறு மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல ஒப்படைக்கோணும். பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பையனைப் போலீசே லாக்கப்புல வைக்கக் கூடாது. போலீசுக்கே இல்லாத உரிமையை, மாசச் சம்பளத்துக்கு நிக்கிற ஒரு கிழவனுக்கு அசோசியேசன் மீட்டிங்ல தீர்மானம் போட்டுக் குடுக்க முடியுமா?

"அப்ப வாட்ச்மேன் அடி வாங்கிக்கிட்டே நிக்கோணுமா"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. 2015 ஜனவரியில திருச்சூர்ல ஒரு பெரிய குடியிருப்புல, கேட்டுத் திறக்கத் தாமதம் ஆச்சுன்னு ஒரு தொழிலதிபர் காவலாளியைக் காரால மோதி நசுக்கினார். அந்தக் காவலாளி அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில செத்துப் போனார். மோதினவருக்கு மறு வருசம் ஆயுள் தண்டனை கெடைச்சது. அந்த மாதிரி நேரத்துல கையில இருக்கிறதை எடுத்துத் தற்காத்துக்க வாட்ச்மேனுக்கு முழு உரிமை இருக்குது. யாரும் வேண்டாம்னு சொல்லலை. நான் சொல்றது தடுக்கறதைப் பத்தி இல்லை, தண்டிக்கிறதைப் பத்தி. பாடம் புகட்டறதுக்கு, பயம் காட்டறதுக்கு, நாலு பேர் பார்க்க ரெண்டு போடறதுக்கு அவன் கை ஓங்கக் கூடாது. ஓங்கச் சொல்லி நீங்களும் சொல்லக் கூடாது.

இன்னொரு வாதமும் உண்டு. நாங்க எல்லாம் வாத்தியார்கிட்டயும் ஊர்ப் பெருசுகள்கிட்டயும் அடி வாங்கித்தானே வளர்ந்தோம், கெட்டா போனோம்னு என் வயசு ஆளுங்க சொல்றாங்க. நானும் வாங்கியிருக்கேன். ஆனா என்னை அடிச்ச வாத்தியார் சாயந்தரம் எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து எங்க அய்யன்கிட்ட மோர் வாங்கிக் குடிப்பார். அடுத்த நாள் நான் அவர் முகத்துல முழிக்கோணும், அவரும் என் முகத்துல முழிக்கோணும். அந்தக் கட்டு இருக்கிற எடத்துலயே அடி சரியான்னு எனக்கு இப்போ சந்தேகம். அந்தக் கட்டே இல்லாத எடத்துல, பேர் தெரியாதவன் பேர் தெரியாதவனை அடிக்கிறதுல என்ன பாடம் இருக்குது? வாங்கினவன் அடுத்த வாரம் பத்துப் பேரைக் கூட்டிக்கிட்டு வருவான். அன்னைக்கு கேட்டுல நிக்கப் போறது செகரட்டரி இல்லை.

அந்தக் காலத்துல, குறிப்பாத் தெக்குச் சீமையில, காவல்னு ஒரு முறை இருந்தது. ஊருக்குக் காவல் பார்க்கிறவங்களுக்கு ஊர் நெல்லு குடுக்கும். அந்தக் காவல்ல களவு போனா, காவல்காரர் பொருளைத் தேடிக் கொண்டு வரோணும், இல்லைன்னா ஈடு குடுக்கோணும். அந்த முறையிலயும் மிரட்டலும் அடாவடியும் நெறைய இருந்தது, வெள்ளைக்காரன் காலத்துல அதை ஒழிச்சாங்க. திரும்ப வரோணும்னு நான் சொல்ல வரலை. அதுல இருந்த ஒண்ணை மட்டும் கவனிங்க. காவலுக்கும் பொறுப்புக்கும் நடுவுல ஒரு கயிறு இருந்தது. இப்போ நாம என்ன பண்ணியிருக்கோம்? அசோசியேசன் கம்பெனியைக் காட்டுது. கம்பெனி சூப்பர்வைசரைக் காட்டுது. சூப்பர்வைசர் வாட்ச்மேனைக் காட்டறார். அடி விழுந்தா கடைசியில மாட்டறது கம்பைப் பிடிச்சிருந்த கை மட்டும்தான். நாங்க பாத்துக்கறோம்னு சொன்னவங்க யாரும் அன்னைக்குப் பார்க்க மாட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு மாப்பிள்ளைக்கு நானே போன் பண்ணினேன். மேலே எழுதினது எல்லாத்தையும் சொன்னேன். அவனுக்கும் இது தெரியாது. கொஞ்ச நேரம் பேச்சே வரலை. அப்புறம், "அந்தக் கிடேரி இதுக்குத்தான் போச்சுங்களா மாமா?"ன்னான். சின்ன வயசுல லீவுக்கு வர்றப்போ எங்க கட்டுத்தாரையிலதான் கெடப்பான். நான் ஆமான்னேன்.

அப்புறம் என்ன பண்ணலாம்னு கேட்டான். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன்.

"மொதல்ல அந்தப் பெரியவரை நிறுத்தாதே. அவர் பக்கத்துல இன்னொரு ஆளைப் போடு. ஒத்தை ஆளு ராத்திரியில நின்னா யாருக்கும் விளையாட்டுப் பொம்மைதான். ஜிம் ஆளு ரெண்டு பேருக்குக் குடுக்கிற காசுல பாதி கூட ஆகாது.

பசங்க கூடற எடத்துல வெளிச்சம் இருக்குதா பாரு. எங்க தோப்புல மோட்டார் ஒயர் திருட்டு நின்னது நான் காவல் படுத்ததால இல்லை, அந்த மூலையில ஒரு பல்பு போட்டதால.

அந்த ஏழெட்டுப் பேர் யாருன்னு கண்டுபிடிங்க. அதுல உங்க அடுக்குமாடிப் பசங்க ரெண்டு பேராவது இருப்பாங்க, நான் பந்தயம் கட்டறேன். அந்த வீட்டுக்கு வாட்ச்மேனை அனுப்பாதே, நீ போ. அவர் போனா அவரைத்தான் திட்டுவாங்க. வெளிப் பசங்களா இருந்தா, அந்தத் தெருவுல டீக்கடைக்காரர், இஸ்திரிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுல ஒருத்தர்னு யாருக்காவது தெரிஞ்சிருக்கும். போய்ப் பேசுங்க.

பொம்பளப் புள்ளைகளைச் சீண்டறது குறும்பு இல்லை, குற்றம். அதுக்கு வாட்ச்மேன் தடி வேண்டாம். 100-க்கோ 112-க்கோ கூப்பிடுங்க. கூப்பிடறது அந்தக் கிழவனா இருக்கக் கூடாது. அசோசியேசன் பேருல நீங்க கூப்பிடுங்க, நீங்க எழுதிக் குடுங்க, நீங்க ஸ்டேசன்ல நில்லுங்க.

கடைசியா ஒண்ணு. என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாதுன்னு ஒரு காகிதத்துல எழுதிச் செகரட்டரி கையெழுத்துப் போட்டு அவர் கையில குடு. 'நாங்க பாத்துக்கறோம்'னு வாயில சொல்லாதே."

சரிங்க மாமான்னான். கூட்டத்துல இதையே பேசறேன்னான். ஒத்துக்குவாங்களான்னு தெரியாதுன்னும் சொன்னான்.

வெக்கறதுக்கு முன்னால, "அந்தப் பெரியவர் பேர் என்ன மாப்ளே, எந்த ஊரு?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. "எல்லாரும் தாத்தான்னுதான் கூப்பிடுவோம்"னான். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தொப்பி இல்லாம நின்ன அந்த ராத்திரி வந்து போச்சு. ஆனா அதை அவன்கிட்டச் சொல்லலை.

சாயந்தரமே திரும்பக் கூப்பிட்டான். பெரியவருக்குத் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமமாம். ரெண்டு ஏக்கர் மானாவாரி. மணிலாக்கொட்டை போட்டவராம். நாலு வருசமாச்சாம் சென்னைக்கு வந்து. அவன் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருக்கான். அந்தப் பசங்கள்ல மூணு பேர் எந்த வீடுன்னு பெரியவருக்கு ஏற்கெனவே தெரியுமாம். "ஏன் சொல்லலை"ன்னு கேட்டதுக்கு, "யாரும் கேக்கலையே சார்"னாராம்.

மேக்காட்டுல சோளம் விதைச்சாச்சு. ரெண்டு ஈரம் கெடைச்சா முளைச்சுடும். கூட்டத்துல என்ன முடிவாச்சுன்னு அவன் சொன்னதும் எழுதறேன். அதுக்குள்ள, உங்க கேட்டுல ராத்திரி உட்கார்ந்திருக்கிறவர் பேரையும் ஊரையும் கேட்டு வைங்க.